அரவேணு கொம்பு முயல்

அரவேணு
ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில்

அன்பு மருமகள் ராஜப்ரியாவுக்கு,

அரவேணு ஜீப் ஸ்டாண்டில் முதல் வண்டிக்குச் சொந்தக்காரனும் உன் தாய்மாமனுமான ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தை ரஞ்சனி நலம், அவளுடைய வாய் அதைவிட நலம். உன் அம்மா கனகமணி முழங்கால் வலியோடு நலம். ஜெர்மனியில் நீயும் அங்குள்ள குளிரும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் முக்கியமான கட்டத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. எழுதி முடித்ததும் உன் அத்தை படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். எழுத்துப் பிழை இருந்தால் அது போட்டோவின் கோளாறு. நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், ஆகவே பத்துவரை படித்ததாகத்தான் கணக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு சென்னைக் குடும்பத்தைக் கேத்தரின் அருவிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த உன் அம்மா வழியில் கைகாட்டி வண்டியை நிறுத்தினாள். முகம் சரியில்லை. புள்ள ஜெர்மன் பேச்சுப் பரீட்சையில போயிருச்சாம் அண்ணே, இன்னொரு தடவையும் போயிட்டா ஆஸ்பத்திரிக்காரங்க ஊருக்கே அனுப்பிருவாங்களாம் என்றாள். எழுத்துப் பரீட்சையில் முதல் ஆளாக வந்த பெண், பேச்சில் எப்படிப் போகும் என்று கேட்டேன். எல்லாம் உங்களாலதான் அண்ணே என்றாள். சென்னைக் குடும்பம் முழுக்க என்னைப் பார்த்தது.

பிறகு அவள் சொன்னதைக் கேட்டு ஜீப் எஞ்சினையே அணைத்துவிட்டேன். சின்ன வயதில் நீ கேட்ட ஏதாவது ஒரு கற்பனைப் பிராணியைப் பற்றிப் பேசு என்று பரீட்சைக்கார அம்மாள் கேட்டிருக்கிறாள். நீ நம் ஊர்க் கொம்பு முயலைச் சொல்லியிருக்கிறாய். அதுவரை சரி. அந்த அம்மாள் நல்ல கற்பனை என்று சொன்னதும் உனக்குப் பொறுக்கவில்லை. கற்பனை இல்லை, என் மாமா கண்ணால் பார்த்திருக்கிறார் என்றிருக்கிறாய். முயலுக்குக் கொம்பு கிடையாது என்று அவள் சொல்ல, என் மாமா பொய் சொல்ல மாட்டார் என்று நீ சொல்ல, கடைசிவரை இதே வழக்காக ஓடியிருக்கிறது. கேள்வியே புரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்களாம்.

கண்ணு, மாமா பொய் சொல்ல மாட்டார் என்று ஜெர்மன் பாஷையில் சொன்ன முதல் ஆள் நீதான். தமிழில்கூட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை என்கிறாள் உன் அத்தை. அவள் கிடக்கிறாள். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியது, ஆனால் ருசி தெரியவில்லை.

நம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இல்லாத ஒன்றைத்தான் முயற்கொம்பு என்று சொல்வார்கள் என்பார். இல்லாத பொருளுக்கு எதற்காக ஒரு பெயர் வைத்தார்கள் என்று அப்போதே எழுந்து கேட்டவன் நான். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகக் கோத்தகிரி ரோடு முழுக்கத் தெரியும்.

நீ உன் அம்மாவிடம், எனக்கு மண்டையில ஒண்ணுமே தோண மாட்டேங்குதும்மா, கற்பனைங்கிறதே கெடையாது, பேசாம வந்துடறேன் என்று அழுதாயாமே. இந்த மாமன் மடியில் வளர்ந்துவிட்டு இப்படிச் சொன்னால் எனக்கு எவ்வளவு அவமானம் என்று யோசித்துப் பார். கற்பனை பற்றி அந்த ஊரில் என்னென்ன வார்த்தைகள் இருக்கிறதோ அத்தனையையும் எழுதி அனுப்பு. அடுத்த பரீட்சைக்கு நான் தயார் செய்கிறேன். முன்பொரு தடவை ஜெர்மன்காரர் ஒருவர் என் ஜீப்பில் கோடநாடுவரை வந்து, இறங்கும்போது என் பேச்சுத் திறமையைக் கண்டு கண்கலங்கியிருக்கிறார். கண்ணில் தூசி என்று சொன்னார், பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

தைரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமன்,
ராஜரத்தினம்

* * *

அரவேணு
புதன்கிழமை, மூடுபனி

அன்பு மருமகளுக்கு,

உன் வார்த்தைகள் வந்து சேர்ந்தன. உன் குரலிலேயே பேசி அனுப்பியதால் உச்சரிப்பும் கிடைத்தது. தமிழில் எழுதி ஜீப் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றாக மனப்பாடம் செய்தேன். இப்போது எனக்கு ஜெர்மன் தெரியும் என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் கோப்ஃப்கீனோ. தலைக்குள் ஓடும் சினிமா என்று சொன்னாய். அதைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. நான் பிறந்தது முதல் வெளியிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஊரே டிக்கெட் இல்லாமல் பார்க்கிறது.

லுஃப்ட்ஷ்லாஸ். காற்றில் கட்டிய கோட்டை. இதை உன் அத்தையிடம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணம் ஆனது முதல் அவள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை அடுப்படியைக் கிழக்கிலிருந்து தெற்குக்கு மாற்றுகிறாள். போன வாரம் மாடிப்படிக்குக் கிரானைட் போட்டாயிற்று. நாங்கள் இருப்பது இன்னமும் தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டில்தான்.

அப்புறம் ஷ்லராஃபன்லாண்ட். உழைக்காமலே சாப்பாடு கிடைக்கும் நாடு, வறுத்த பறவை தானே பறந்து வந்து வாயில் விழும் என்று சொன்னாய். கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் ஜீப் தானாக நியூட்ரலுக்கு வந்தது. ஏனென்றால் இந்த ஊர் எனக்கு நன்றாகத் தெரியும். உன் அத்தையின் அப்பா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர் இல்லையா, அவர் சாகும்வரை சொன்ன கண்டி இதுதான். அங்கே பலாப்பழம் தானாக வெடித்துச் சுளையைத் தட்டில் வைக்கும். தேங்காய்ப்பாலில்தான் முகம் கழுவுவார்கள். அப்படிப்பட்ட சீமையை விட்டு எதற்காக மாமா இங்கே வந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். மனிதர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. ஆனால் ஷ்லராஃபன்லாண்ட் என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருந்தால் பிடித்திருக்கும்.

நீ கடைசியாகச் சொன்ன வோல்கன்-குக்குக்ஸ்-ஹைம் மட்டும் வாயில் நுழைய மூன்று வளைவு ஆயிற்று. மேகத்தில் குயில் கட்டிய வீடு. இது நம் கட்டபெட்டு ஊர்தான். ஆடி மாதம் கட்டபெட்டில் நின்றவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. மூடுபனி இறங்கி எதிரே கையை நீட்டினால் கை தெரியாத இடத்தில் ஒரு திருப்பூர்க் கூட்டத்தை இறக்கிவிட்டு, இந்த வியூபாயிண்டுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் இது என்றேன். ஒன்றுமே தெரியாத இடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நீ அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஐன்கெபில்டெட். கற்பனை செய்தது என்றும் அர்த்தம், தலைக்கனம் பிடித்தவன் என்றும் அர்த்தமாம். உன் அத்தை வேறெந்த வார்த்தையையும் படிக்கவில்லை. ஏனுங்க ஐன்கெபில்டெட், டீ ஆறுது என்றுதான் இப்போது கூப்பிடுகிறாள்.

ஆனால் நீ சொன்ன வோல்பர்டிங்கர் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஜெர்மனியில் பவேரியா பக்கத்துக் காட்டில் கொம்பும் இறக்கையும் வைத்த ஒரு முயல் உண்டு என்று உள்ளூர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் அளப்பார்களாம். யாரோ முயல் தோலில் மான்கொம்பைத் தைத்துப் பொம்மை செய்து மியூசியத்திலேயே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம். பார்த்தாயா. அங்கே மியூசியம். இங்கே என்ன மரியாதை என்று கேள்.

அந்த உற்சாகத்தில், அருவிக்குப் போகும் வளைவில் ஒரு குடும்பத்தை இறக்கித் தேயிலைக்குள் கொம்பு முயல் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் குனிந்து, மூச்சை அடக்கிப் பார்க்கிறார்கள். பின்னால் ஃபாரஸ்ட் கார்டு பெனிஸ் வந்து நிற்கிறார். அண்ணே, காட்டுமாடு மேயற எடத்துல ஆளுகள எறக்கிவிட்டு முயலா காட்டறீங்க, முட்டித் தூக்குனா யாரு பதில் சொல்றது என்று சரியான திட்டு. எல்லோரையும் வண்டியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து, எந்தப் பொதருங்கண்ணே என்று மெதுவாகக் கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

நீ பேசிப் பழகி அனுப்பியதைக் கேட்டேன். எனக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓட்டம் தெரியும். ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்வது போலிருந்தது. உன் ஜெர்மன் வாத்தியாரம்மாவும், வாக்கியமெல்லாம் சரி, உள்ளே ஆள் இல்லை என்றார்களாமே. அதுதான். வீடு கட்டியாயிற்று, குடித்தனம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கரடி கோயிலுக்குள் வந்து விளக்கெண்ணெய் குடித்துவிட்டுப் போகிறது அல்லவா, அதைக் கற்பனைப் பிராணி என்று சொல்லித் தொலைக்காதே. அது நிஜம். போன வாரமும் வந்தது. கிளென்மார்கன் அணைக்குக் கீழே வின்ச் வண்டியில் இறங்கினால் கையால் சக்கரம் சுற்றிக் கரண்ட் எடுக்கிற ஜனங்கள் ஒரு ஊரே இருக்கிறது, அவர்கள் டீ குடிக்கப் போனால்தான் நமக்குக் கரண்ட் போகிறது என்று நான் சொன்னேன் பார், அது கற்பனை. அதை நீ மூன்றாம் வகுப்பில் சயின்ஸ் பரீட்சையில் எழுதி முட்டை வாங்கினாய். நான் டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டேன். இதையும் சொல்கிறேன், எது எந்தப் பக்கம் என்று குழம்பாமல் இருக்க.

உன் குரல் கடைசியில் ஒன்று கேட்டது. மாமா, கோவிச்சுக்காதீங்க, அந்த முயல நீங்க நெசமாவே பாத்தீங்களா என்று.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. ஜீப்புக்குத் தார்ப்பாய் போட வேண்டும். உன் அம்மா வர்க்கி பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவாளாம். ஜெர்மனிக்கு யார் போகிறார்கள் அரவேணுவிலிருந்து.

உன் மாமன்,
ராஜரத்தினம்

* * *

அரவேணு
சனிக்கிழமை

அன்பு கண்ணு ராஜப்ரியாவுக்கு,

நாளை மறுநாள் உனக்குப் பரீட்சை. நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் தார்ப்பாய் போடப் போய்விட்டேன் என்று உன் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. படம் பிடிக்கும்போது படித்திருக்கிறாள். அன்றைக்கு மழையே வரவில்லையே என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிருங்க, உங்க பேரு கெட்டா கெடட்டும், புள்ள நிக்கட்டும் என்றாள். ஐன்கெபில்டெட் என்று கூப்பிடவில்லை. அதனால்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

நான் அந்த முயலைப் பார்த்ததில்லை.

இந்த மலையில் நான் பார்க்காதது ஒன்றுண்டு என்று எழுதுவதற்கு என் பேனாவே கூசுகிறது. எழுதியாயிற்று. ஆனால் கற்பனைதான் போலிருக்கிறது என்று முடித்து மூடிவிடாதே. மிச்சத்தையும் படி. என் மாமா சொன்ன கற்பனை என்று நீ பரீட்சையில் சொன்னால் அதுவும் தப்பான பதில்தான்.

உன் அப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தோமே, அந்த நாள். நீ இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. வீடு நிறைய ஜனம், ஒரே அழுகைச் சத்தம். என் மச்சான் பாலு சிரித்த முகம், சத்தமே பிடிக்காத மனிதன், அவனை நடுவில் வைத்து அவ்வளவு சத்தம். நீ காதைப் பொத்திக்கொண்டு நின்றாய். உன் அம்மா உன்னைப் பார்க்கிற நிலையில் இல்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். வாயில் வந்ததைச் சொன்னேன். இங்கே கொம்பு வைத்த முயல் ஒன்று வரும், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. என்ன நிறம், எத்தனை கொம்பு, ஒன்றும் சொல்லவில்லை. உன்னை ஒரு கல்மேல் உட்கார வைத்துவிட்டு ஆகவேண்டிய காரியங்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

எல்லாம் முடிந்து வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உன் ஞாபகமே அப்போதுதான் வந்தது. விழுந்தடித்து ஓடி வந்தேன். நீ அதே கல்மேல் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினாய். அப்புறம் என் காதில் சொன்னாய். வந்துச்சு மாமா. இடது கொம்பு நுனி ஒடஞ்சிருந்துச்சு. என் பக்கத்துலயே உக்காந்துச்சு. அதுக்கும் சத்தம் புடிக்கலையாம்.

நான் அழவில்லை. தேயிலையில் அன்று மருந்து அடித்திருந்தார்கள், கண் எரிந்தது.

கண்ணு, கொம்பு வைத்தது நான். இடது கொம்பை ஒடித்தது நீ. பக்கத்தில் உட்கார வைத்தது நீ. சத்தம் பிடிக்காது என்று அதற்கு ஒரு குணம் கொடுத்தது நீ. அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடம் போனாய், ஹாஸ்டல் போனாய், அந்த நாளை மறந்தாய். மறக்கட்டும் என்று நாங்கள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. முயலை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டு, நானே பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ லீவில் வரும்போது உனக்கே சொல்லியிருக்கிறேன். நீயும் வாயைப் பிளந்து கேட்டாய்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. என் கதைகளில் எதைச் சொன்னாலும் ஜனங்கள் சிரிக்கிறார்கள். சிறுத்தையை ரிவர்ஸ் கியரில் துரத்தியது, கரண்ட் ஜனங்கள், எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். கொம்பு முயல் என்றாலும் முதலில் சிரிப்பார்கள். இடது கொம்பு நுனி மட்டும் உடைந்திருக்கும் என்று சொல்வேன். உடனே சிரிப்பு நின்றுவிடும். தலையைத் திருப்பித் தேயிலையைப் பார்ப்பார்கள். பெனிஸ் பார்த்தது அதனால்தான். அந்த உடைந்த நுனி மாதிரி ஒன்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைக்கப் பார்த்தேன். உடைந்த பல், ஒற்றைக் கண், எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஆகவே அரவேணுவில் அளப்பதில் முதல் ஆள் நான் இல்லை. இதை உன் அத்தை படம் பிடிக்கும்போது சத்தமாகப் படிப்பாள், படிக்கட்டும்.

எனக்குக் கற்பனை கிடையாது என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே. உன் அம்மாவிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு அந்த முயல் விஷயமே தெரியாது. நான் தூக்கிப் போனது மட்டும்தான் ஞாபகம். அவ அப்பாவும் இப்படித்தாண்ணே, சும்மா உக்காந்தே எதையாவது பாத்துட்டிருப்பாரு என்றாள். அப்புறம் எழுந்து போய் எனக்கு டீ போட்டாள். சர்க்கரை ஒரு கரண்டி கூட. அந்த முழங்காலோடு.

தோற்றாலும் பரவாயில்லை, ஊருக்கு வந்துவிடு என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஜீப்புக்குப் புது டயர் போட்டிருக்கிறேன், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் ஒரு குலுக்கல் இருக்காது. உன் அறையில் அத்தை வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள், ஒரு நாளில் காலி செய்துவிடலாம். ஆனால் அப்படி எழுத மாட்டேன். நீ ஜெயித்து, லீவு போட்டு வா. அப்போதும் அதே ஜீப்தான், அதே டயர்தான்.

பரீட்சையில் எந்தக் கேள்வி வந்தாலும் அவசரப்படாதே. அந்தக் கல்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார். வாய்ப்பாடு சொல்லாதே. அந்த அம்மாளிடம், இது ஃபாபல்வேஸன்தான், கற்பனைப் பிராணிதான், என்னுடையது என்று சொல். என் மாமா பார்த்தார் என்று சொல்லாதே. நான் பார்த்தேன் என்று சொல். அவள் நம்பமாட்டாள், அது அவள் வேலை. நீ சொல்கிறபோது அவள் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தால் போதும், நீ பாஸ்.

மாரியம்மன் உன் நாக்கில் இருக்கட்டும். உன் அப்பா உன் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கட்டும். போய் நன்றாகப் பேசு கண்ணு. எதை மறந்தாலும் அந்த இடது கொம்பை மட்டும் மறந்துவிடாதே.

உன் மாமன்,
அரவேணு ஜீப் ஸ்டாண்டில் இரண்டாவது ஆள்,
ராஜரத்தினம்